அர்த்தம் சொல்கிற அக்கா

கடவுள் தமிழில் எவ்வளவு சுருக்கமாகப் பேசுவார் என்பதை நான் தெரிந்துகொண்டது லண்டன் எட்மண்டனில், ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில், ஹீட்டருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு. சனிக்கிழமைகளில் அங்கே கராத்தே. ஞாயிறு பின்னேரங்களில் தமிழ்ப் பெந்தெகொஸ்தே சபை. பிரசங்க மேசைக்கு நேர் மேலே கூடைப்பந்து வளையம் தொங்கும். பாஸ்டர் இரண்டு கைகளையும் உயர்த்தும்போதெல்லாம் யாராவது பந்தை எறிந்துவிடப் போகிறார்களோ என்று எனக்கு ஒரு பதற்றம்.

கடவுள் நம்பிக்கை இல்லாவிட்டாலும் நான் சைவக்காரன். ஆட்டிறைச்சி ரோல்ஸ் சாப்பிடும்போது மட்டும் அதைக் கொஞ்சம் தள்ளி வைப்பேன். என் மனைவி முழங்கால் நோவுக்கு ஜெபிக்க வைப்பதற்காக அந்தச் சபைக்குப் போகத் தொடங்கினாள். நோ போகவில்லை, அவள் போய்க்கொண்டே இருந்தாள். ஏற்றி இறக்குவது என் வேலை. ஆரம்பத்தில் காருக்குள் இருந்து புத்தகம் வாசித்தேன். மார்கழி வந்தது. கண்ணாடியில் உறைபனி பிடித்தது. மண்டபத்துக்குள் ஹீட்டர் இருந்தது. ஆத்மாவின் தாகத்தால் சபைக்குள் நுழைந்தவர்களைப் பற்றி நிறையச் சாட்சிகள் கேட்டிருக்கிறேன். கால் விறைத்து நுழைந்தவனின் சாட்சியை யாரும் கேட்கவில்லை.

அங்கேதான் அக்காவைக் கண்டேன். மூன்றாம் வரிசையில், நடைபாதை ஓரக் கதிரை. கட்டை ஆள். வெளிர் நிறச் சேலை, அதற்குக் கீழே கறுப்பு நிறத்தில் மொத்தமான வேலைச் சப்பாத்து. மடியில் ஒரு கோப்பிப் பிளாஸ்க். எல்லோரும் கண்களை மூடிக்கொண்டிருக்கும்போது அவர் மட்டும் கண்களைத் திறந்து, பஸ் வருகிறதா என்று பார்க்கிறவர் மாதிரி நேரே பார்த்துக்கொண்டிருப்பார்.

தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். இந்தச் சபைகளில் ஆவியானவர் இறங்கும்போது சிலர் அந்நியபாஷையில் பேசுவார்கள். அது எந்த நாட்டுப் பாஷையும் அல்ல, பேசுகிறவருக்கே விளங்காது. அதன் அர்த்தத்தைச் சொல்லும் வரம் இன்னொருவருக்குக் கிடைக்கும். பாஷை பேசி முடிந்ததும் கீபோர்ட்டுக்காரத் தம்பி ஒரே சுரத்தை அழுத்திப் பிடித்தபடி இருப்பான். சபை காத்திருக்கும். வரம் உள்ளவர் எழுந்து, கர்த்தர் என்ன சொன்னார் என்று தமிழில் சொல்லுவார். எங்கள் சபையில் (பாருங்கள், ‘எங்கள்’ என்று எழுதிவிட்டேன்) அந்த வரம் அக்காவுக்கு.

மற்றச் சபைகளில் இந்த வரம் உள்ளவர்களை நான் கேட்டிருக்கிறேன். அரை நிமிடப் பாஷைக்கு அரை மணித்தியால அர்த்தம் வரும். அதற்குள் மூன்று தலைப்புகள், ஒரு எச்சரிக்கை, யாருடைய மகள் யாரோடு திரிகிறாள் என்ற மறைமுகச் செய்தி எல்லாம் இருக்கும். அக்கா அப்படியில்லை. பாஸ்டர் வியர்த்து வழிய, தொண்டை கம்ம, நீண்ட நேரம் பாஷை பேசி முடிப்பார். அக்கா மெதுவாக எழுந்து, “பயப்படாதே எண்டு சொல்லுறார்” என்பார். இருந்துவிடுவார். அவ்வளவுதான்.

“அவ்வளவுதானோ அக்கா?” என்று பாஸ்டர் ஒருமுறை ஏமாற்றத்தை மறைக்காமல் கேட்டார்.

“எனக்குத் தந்தது அவ்வளவுதான். மிச்சம் உங்களுக்குத் தந்ததோ, எனக்குத் தெரியாது.”

சில நாட்களில் அவர் எழும்பவே மாட்டார். கீபோர்ட்டுக்காரனுக்கு விரல் வலிக்கும். அக்கா தலையை இடமும் வலமும் ஒருமுறை ஆட்டுவார். வரேல்லை. அவன் கையை எடுத்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போவான். அந்த ஒரு தலையாட்டலுக்காகவே சபை அவரை நம்பியது. வராத நாளில் வரவில்லை என்று சொல்கிறவர், வந்த நாளில் வந்தது என்று சொன்னால் அது வந்ததுதான். ரெய்னர்ஸ் லேனில் பெரிய மண்டபம் ஒன்று வாடகைக்கு வந்தபோது பாஸ்டருக்கு அங்கே போகக் கொள்ளை ஆசை. அக்காவுக்கு வந்த அர்த்தம் ‘பொறுங்கள்’. பொறுத்தார்கள். மண்டபம் கம்பளக் கடையாகிவிட்டது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. கல்யாணத்துக்கு நாள் வைப்பது, வீடு மாறுவது, பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்பது எல்லாமே அந்த மூன்றாம் வரிசையைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.

வார நாட்களில் அக்கா பார்க்கிங் வார்டன். கவுன்சில் சீருடையும் தொப்பியும் போட்டுக்கொண்டு, பிழையான இடத்தில் நிற்கும் கார்களுக்குத் தண்டச் சீட்டு ஒட்டுகிறவர். இரண்டும் ஒரே உத்தியோகம் என்பது எனக்கு விளங்கப் பல மாதங்கள் ஆயின. கண்டதை எழுதுவார், காணாததை எழுத மாட்டார். தமிழ்க் கடைகளுக்கு முன்னால், நிறுத்தக் கூடாத இரட்டை மஞ்சள் கோட்டில் காரை விட்டுவிட்டு, “அக்கா, நான் உங்கடை ஊர் அக்கா, கருவேப்பிலை மட்டும் வாங்கிக்கொண்டு ஓடிவாறன் அக்கா” என்று கெஞ்சுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

“ஊர் விளங்குது தம்பி. கார் எங்கை நிக்குது எண்டும் விளங்குது” என்பார், சீட்டை ஒட்டிக்கொண்டே.

ஒரு வெள்ளிக்கிழமை பாஸ்டரின் காருக்கே ஒட்டினார். பாஸ்டர் அந்த ஞாயிறு தாழ்மையைப் பற்றிப் பிரசங்கித்தார். நல்ல பிரசங்கம். அக்கா முன்னால் இருந்து எல்லாவற்றுக்கும் ஆமென் சொன்னார்.

பெண் வீட்டுக்காரர் ஒருவர் அவரிடம் மாப்பிள்ளைப் பையனைப் பற்றி விசாரித்ததும் எனக்கு நினைவிருக்கிறது. ஆராதனை முடிந்து ரோல்ஸ் மேசையடியில், கையில் காகிதக் கோப்பையோடு.

“அக்கா, பொடியன் எப்பிடி?”

“ஒருக்காத்தான் கண்டனான்.”

“கண்ட அளவிலை சொல்லுங்கோவன்.”

அக்கா யோசித்தார். “சப்பாத்து மினுக்கியிருந்தார்.”

“வேறை?”

“வேறை நான் காணேல்லை.”

பெண் வீட்டார் அந்தச் சப்பாத்தை வைத்து ஒரு கிழமை விவாதித்தார்கள். கல்யாணம் நடந்தது. நன்றாகத்தான் இருக்கிறார்கள். சப்பாத்தின் இன்றைய நிலை தெரியாது.

அக்காவின் வீடு எங்கள் வழியில் இருந்ததால், ஞாயிறுகளில் அவரும் எங்கள் காரில் வருவார். பின் இருக்கையில் பிளாஸ்க்கோடு. முன் இருக்கையில் என் மனைவி. நான் சும்மா ஓட்டியிருக்கலாம். ஆனால் வாசிக்கிற பழக்கம் உள்ளவனுக்கு ஒரு வியாதி உண்டு: வாசித்ததை யார் தலையிலாவது கொட்டாவிட்டால் அஜீரணம். நூலகத்திலிருந்து பெந்தெகொஸ்தே வரலாறுகளைத் தேடி எடுத்து வந்தேன். பக்திக்காக அல்ல, பகிடிக்காக. நூறு வருடத்துக்கு முந்திய ஆரம்ப காலத் தலைவர்களின் ஊழல்கள் ஒரு தொடர்கதைக்குக் காணும். ஒருவர் தன்னையே பழைய தீர்க்கதரிசி என்று அறிவித்து ஊரையே தன் பேரில் ஆண்டார். இன்னொருவர் ஒழுக்கத்தைப் பற்றி ஊர் ஊராக முழங்கிவிட்டு, தன் ஒழுக்கத்துக்காக ஊர் ஊராக ஓடினார். மருந்து குடிப்பது பாவம் என்று சொன்ன சிலர் கதவைச் சாத்திக்கொண்டு வைத்தியரைக் கூப்பிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று இருந்தது. தங்களுக்கு வந்த அந்நியபாஷை வங்காளம் என்றும் சீனம் என்றும் நம்பி, அந்த மொழியை ஒரு நாளும் படிக்காமலே கப்பல் ஏறிய ஊழியக்காரர்கள். இறங்கிய துறைமுகத்தில் வாயைத் திறந்தார்கள். ஒரு ஈ காக்கைக்கும் விளங்கவில்லை.

இதைச் சொல்லி நானே சிரித்தேன். என் மனைவி, “றோட்டைப் பாத்து ஓடுங்கோ” என்றாள். பின் இருக்கையிலிருந்து அக்கா கேட்டார்:

“அவையளுக்கு அது வங்காளம் எண்டு சொன்னது ஆர்?”

“விளங்கேல்லை அக்கா.”

“தங்களுக்குத் தெரியாத பாஷை. அப்ப, பக்கத்திலை நிண்ட ஆரோ ஒருத்தர், ஓம் ஓம் இது வங்காளந்தான் எண்டு சொல்லியிருக்க வேணும். அவரின்ரை பேர் உங்கடை புத்தகத்திலை இருக்கோ?”

இல்லை. நான் எல்லாப் புத்தகத்திலும் பிறகு தேடினேன். விழுந்த தலைவர்களின் பேர், பிறந்த ஊர், வழக்கு நடந்த நீதிமன்றம், படம் எல்லாம் இருந்தன. பக்கத்தில் நின்று ‘ஓம்’ சொன்னவரைப் பற்றி ஒரு வரி கிடையாது. அந்தப் புத்தகங்களைக் கொஞ்ச நாள் திறக்காமல் வைத்தேன். சட்டியின் கரியைக் காட்டிச் சிரித்தவனிடம் உன் கையைப் பார் என்று யாரோ சொன்ன மாதிரி இருந்தது.

ஆனாலும் விடவில்லை. “உண்மையைச் சொல்லுங்கோ அக்கா, இது எப்பிடி வாறது?”

“வெந்தயம் பொரியேக்கை மணம் வாற மாதிரி. வந்தால் தெரியும்.”

“வராட்டி?”

“வராட்டிப் பேசாமல் இருக்கிறது.”

ஒரு நாள் துணிந்து, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, வாயில் வந்ததை எல்லாம் சேர்த்து அந்நியபாஷை மாதிரி ஒன்றை உளறினேன். என் மனைவி வாயில் கையை வைத்தாள். “இதுக்கு அர்த்தம் என்ன அக்கா?” என்றேன்.

“கியர் மாத்தச் சொல்லுது தம்பி” என்றார் அக்கா. உண்மையில் மாற்ற வேண்டித்தான் இருந்தது.

இனி நடந்ததைச் சொல்வதற்கு, அந்தச் சபை பிறந்த கதை தெரிய வேண்டும். பாஸ்டர் முன்பு பெற்றோல் நிலையத்தில் வேலை செய்தவர். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, முற்றி அவதிப்பட்டிருக்கிறார். வால்தம்ஸ்டோவில் ஒரு வீட்டின் முன்னறையில் ஜெபம் பண்ணினார்கள். வருத்தம் நீங்கியது. மருந்தை நிறுத்தினார். வைத்தியரே அதிசயித்தாராம். அந்த முன்னறையில் இருந்த சிலர்தான் பிறகு சபையானார்கள். வருடா வருடம் அந்த நாளில் சாட்சி சொல்லிக் கேக் வெட்டுவார்கள். கேக்கைப் பாஸ்டரும் சாப்பிடுவார். சுகம் கிடைத்ததற்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி எது? ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: அவர் கெட்ட மனிதர் அல்ல. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் வந்து தேத்தண்ணிக் கோப்பை கழுவுகிறவர் அவர்தான்.

சபையில் சுகந்தி என்று ஒரு பிள்ளை. கல்யாணமாகி ஊரிலிருந்து வந்து அதிக நாள் ஆகவில்லை. சின்ன வயதிலிருந்தே இன்சுலின் ஊசி போடுகிறவள். ஊசி இல்லாவிட்டால் அவள் உடம்பு தாங்காது. ஒரு சாட்சி ஞாயிறுக்குப் பிறகு, யாருக்கும் சொல்லாமல் ஊசியை நிறுத்திவிட்டாள். அம்புலன்ஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. பிழைத்தது அதிசயம் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். அந்தச் சொல்லை அவர்கள் தவிர்த்திருக்கலாம். அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியால் வந்த பிறகு முதல் ஞாயிறு. பாட்டு முடிகிற நேரம் அவளுடைய கணவன் எழுந்தான். சபையில் வாய் திறவாத பையன்.

“பாஸ்டர், மன்னிக்கோணும். தம்பி, அந்த மியூசிக்கை நிப்பாட்டும். இவ இண்டைக்குக் காலமை திரும்பவும் ஊசி போடமாட்டன் எண்டு நிக்கிறா. பாஸ்டருக்குச் சுகம் குடுத்தவர் எனக்குக் குடுக்க மாட்டாரோ எண்டு கேக்கிறா. நான் காலிலை விழுந்திட்டன். கேக்கிறாவில்லை. நீங்களே சொல்லுங்கோ. இதிலை வைச்சு, எல்லாருக்கும் முன்னாலை.”

சுகந்தி எழும்பவில்லை. இருந்தபடியே, தெளிவாகச் சொன்னாள்: “ஆண்டவர் போடச் சொன்னால் போடுறன். மனுசர் சொல்லிப் போடமாட்டன்.”

அவள் உதடு காய்ந்து வெடித்திருந்தது பக்கவாட்டில் ஹீட்டரடியிலிருந்தே எனக்குத் தெரிந்தது. அவளுக்கு முன்னால் இருந்த தண்ணீர்ப் போத்தல் ஏற்கெனவே காலி.

பாஸ்டர் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்களை மூடினார். அந்நியபாஷை வந்தது. வழக்கமான முழக்கமாக வரவில்லை. இருட்டில் சாவித் துவாரத்தைத் தடவுகிறவன் மாதிரி, தட்டித் தட்டி வந்தது. முடிந்தது. கீபோர்ட்டுக்காரன் பழக்கத்தில் சுரத்தை அழுத்தினான். சபை முழுவதும் மூன்றாம் வரிசையைப் பார்த்துத் திரும்பியது.

அக்கா நேரே பார்த்துக்கொண்டிருந்தார். எழும்பவில்லை.

எனக்கு அப்போதுதான் விளங்கியது, எவ்வளவு சுகமான வழி அது என்று. ஒரே ஒரு வசனம். ‘ஊசியைப் போடு என்று சொல்லுறார்.’ அந்தப் பிள்ளை போடுவாள். சபை ஆமென் சொல்லும். பாஸ்டருக்கும் கௌரவம். யாருக்கு நட்டம்? கடவுள் இல்லை என்று சாதிக்கிற நான், அவர் இருக்கிறார் என்று நம்புகிற ஒருத்தியை, அவர் பேரில் ஒரு பொய் சொல்லும்படி ஹீட்டரடியில் இருந்து மனதுக்குள் மன்றாடிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே உருக்கமான பிரார்த்தனை அதுதான்.

“அக்கா?” என்றார் பாஸ்டர்.

அக்கா எழுந்தார். “வரேல்லை பாஸ்டர்.”

பாஸ்டர் திரும்பவும் கண்களை மூடினார். இந்த முறை அழுதுகொண்டே பாஷை பேசினார். முடித்துவிட்டு அக்காவையே பார்த்தார். அந்தப் பார்வையை நான் முன்பு வேறொரு இடத்தில் பார்த்திருக்கிறேன்: பரீட்சை மண்டபத்தில், பக்கத்து மேசைக்காரன் தாளைக் கொஞ்சம் சரித்துப் பிடிக்க மாட்டானா என்று பார்க்கிற பையனின் பார்வை.

“வரேல்லை.”

“விசுவாசத்தாலை சொல்லுங்கோ அக்கா.”

“விசுவாசத்தாலைதான் சொல்லுறன். வரேல்லை.”

என் மனைவி எழுந்துவிட்டாள். முழங்கால் நோவை மறந்து அவள் அவ்வளவு விரைவாக எழுந்ததை நான் கண்டதில்லை. “அக்கா, போடச் சொல்லுங்கோ அக்கா! ஒரு சொல்லுத்தானே! பிள்ளை சாகப் போறாள்!”

அக்கா என் மனைவியைப் பார்க்கவில்லை. நடைபாதைக்கு வந்து, வேலைச் சப்பாத்து தரையில் உரச, சுகந்திக்கு முன்னால் போய் நின்றார்.

“பிள்ளை, ஊசியைப் போடு. டொக்டர் சொல்லுறார். உன்ரை மனுசன் சொல்லுறான். நானும் சொல்லுறன்.”

சுகந்தி நிமிர்ந்து பார்த்தாள். “நீங்கள் சொல்லுறியளோ அக்கா, அவர் சொல்லுறாரோ?”

அந்த இடத்தில் அக்கா ஒரு மூச்சு எடுத்தார். நான் எத்தனையோ பேருடைய பேச்சைக் கேட்டிருக்கிறேன்; ஒரு மூச்சு இவ்வளவு நீளமாக இருந்து கண்டதில்லை. அவருடைய ஒரு கை சேலைத் தலைப்பைப் பிடித்து முறுக்கியது.

“நான்” என்றார்.

“அப்ப வேண்டாம் அக்கா.”

மண்டபத்தில் யாரோ விம்மினார்கள். அக்கா அங்கேயே நின்றார். கையைப் பிசையவில்லை, திரும்பிக் கடவுளைப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. செய்யக்கூடியது எல்லாம் செய்து முடிந்து, ஒன்றும் பலிக்காமல், ஆனால் விலகிப் போகவும் முடியாமல் நிற்கிற ஒரு மனுசி. பொய்யைச் சொல்வதற்கு ஒரு நெஞ்சு வேண்டும் என்பார்கள். சொல்லாமல் நிற்பதற்கு வேண்டிய நெஞ்சை அன்றுதான் கண்டேன். எனக்கு அச்சமாகவும் இருந்தது. இவர் உண்மைக்காக ஒரு பிள்ளையைச் சாக விடுவாரோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

அப்போது பாஸ்டர் மேடையிலிருந்து இறங்கினார். கோட்டின் உள் பையில் கையை விட்டார். பேனா மாதிரி ஒன்றை எடுத்தார். எதையோ எழுதிக் கையெழுத்து வைக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“பிள்ளை” என்றார். “இது என்ரை ஊசி.”

யாருக்கும் முதலில் விளங்கவில்லை.

“நானும் இன்சுலின் போடுறன். சாப்பாட்டுக்கு முதல் போடுறன். சுகம் வந்தது உண்மை, கர்த்தருக்கு முன்னாலை பொய் சொல்லேல்லை, கொஞ்சக் காலம் மருந்தே இல்லாமல் இருந்தனான். பேந்து வருத்தம் திரும்பி வந்திட்டுது. வந்ததைச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை. நீங்கள் எல்லாரும் அதைச் சாட்சியாச் சொல்லிக்கொண்டிருந்தியள்… நான் எப்பிடி…” ஊசியின் மூடியைக் கழற்றினார். “அக்கா ஏதாவது சொல்லுவா, நான் தப்பியிடலாம் எண்டு பாத்தன்.”

அவருடைய மனைவி முதல் வரிசையில் முகத்தை மூடிக்கொண்டார். பின்னாலிருந்து ஒருவர், “கேக் சாப்பிட்டியே ஐயா!” என்று கத்தினார். அவருடைய கோபம் முழுவதும் அந்தக் கேக்கில் வந்து நின்றது ஏன் என்று எனக்கு இன்றும் தெரியாது.

பாஸ்டர் கத்தியவரைக் கவனிக்கவில்லை. சேர்ட்டை உயர்த்தினார். அந்த மண்டபத்தில், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே, சபைக்கு முன்னால், மயிர் நரைத்த தன் வயிற்றில் ஊசியைப் போட்டார். பழகிய கை. அந்தப் பழக்கத்தில் எத்தனை வருடப் பொய் இருந்தது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

சுகந்தி நீண்ட நேரம் அதைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் திரும்பிப் பாராமலே கணவனிடம் கையை நீட்டினாள். அவன் கோட்டுப் பையில் ஊசியையும் சீனி பார்க்கிற மெஷினையும் வைத்துக்கொண்டுதான் வந்திருந்தான். அக்கா இரண்டு கைகளாலும் தன் சேலைத் தலைப்பை விரித்துப் பிடித்து அவளை மறைத்துக்கொண்டு நின்றார்.

பிறகு நடந்தவற்றை இங்கேயே சொல்லி முடிக்கிறேன். பாஸ்டர் அன்றே விலகினார். சுகந்தி நலமாக இருக்கிறாள். இப்போது அவளுக்கு ஒரு மகள். அந்தக் கிழமை முழுவதும் லண்டன் தமிழ்க் கடைகளில் மரக்கறியோடு சேர்த்து இந்தக் கதையும் விற்பனையானது. வால்தம்ஸ்டோவில் அது ஊசியாகவே இருந்தது. ரெய்னர்ஸ் லேன் போய்ச் சேர்ந்தபோது சாராயப் போத்தலாகிவிட்டது. கூடவே ஒரு பெண்ணையும் சேர்த்திருந்தார்கள். நூலகத்தில் நான் வாசித்த பழைய ஊழல்கள் எல்லாம் எப்படி வளர்ந்திருக்கும் என்பது எனக்கு அப்போது தெரிந்தது.

ஆனால் எதிர்பாராதது ஒன்று. சபை பாஸ்டரை மன்னித்துவிட்டது. கோபமெல்லாம் அக்காவின் மேல். “ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் மானத்தோடை முடிஞ்சிருக்கும்.” “பாஸ்டற்றை குடும்பத்தை நடுத்தெருவிலை விட்டிட்டா.” “வரேல்லையாம், பெரிய இவ.” வீட்டில் என் மனைவியும் அதைத்தான் சொன்னாள், வெங்காயத்தை வெட்டிக்கொண்டே, அழுதுகொண்டே. வெங்காயம் பாதி, பாஸ்டர் பாதி.

“அவ பொய் சொல்லியிருக்க வேணும் எண்டு சொல்லுறீரோ?” என்றேன்.

“இஞ்சருங்கோ, உங்களுக்கு இது விளங்காது. நீங்கள் நம்பிறேல்லை. நம்பிற ஆக்களுக்கு எப்பவாவது ஒரு சொல்லு வேணும்.”

அடுத்த ஞாயிறு அவள் சபைக்கு வரமாட்டேன் என்று படுத்துவிட்டாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு காரை எடுத்தேன். பெந்தெகொஸ்தேக்காரி வீட்டில் படுத்திருக்க, சைவக்காரன் தனியாகச் சபைக்குப் போகிற அதிசயத்தை அயலவர் யாரும் கவனிக்கவில்லை.

அக்கா வாசலில் ஆயத்தமாக நின்றார். என் மனைவி இல்லாததைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. முதல் தடவையாக முன் இருக்கையில் ஏறினார். அவர் இப்போது லண்டனில் இல்லை, மகனோடு இருக்க நோர்வேக்குப் போய்விட்டார். ஆனால் அவரை நினைக்கும்போது எனக்கு வருவது இந்தப் பக்கவாட்டு முகம்தான். கண் இமை வீங்கியிருந்தது. கிழமை முழுவதும் நித்திரை இல்லை என்று தெரிந்தது.

கொஞ்சத் தூரம் போன பிறகு கேட்டேன். “அக்கா, பாஸ்டர் இறங்கி வராமல் விட்டிருந்தால்?”

“அதைத்தான் நானும் ஒவ்வொரு இரவும் கேக்கிறன் தம்பி.”

“சொல்ல மனம் வரேல்லையோ?”

“வராமலோ? வாய் வரைக்கும் வந்தது. நாக்கிலை வந்து நிண்டது. நீங்கள் எல்லாரும் நான் கல்லு மாதிரி நிண்டன் எண்டு நினைக்கிறியள். நான் கர்த்தரிட்டைக் கெஞ்சிக்கொண்டு நிண்டனான். ஒரு சொல்லுத் தா, ஒரே ஒரு சொல்லுத் தா, இனி என்ரை வாழ்நாளிலை ஒண்டும் கேக்கமாட்டன் எண்டு. பொறுங்கள் எண்டு சொல்லத் தெரியுது. பயப்படாதே எண்டு சொல்லத் தெரியுது. அந்தப் பிள்ளைக்குச் சொல்ல ஒண்டும் இல்லையோ? தரேல்லை.”

சிவப்பு விளக்கில் நின்றோம். அவர் முன்னே பார்த்தபடி சொன்னார்: “அவருக்கு என்னிலை கோவம் இருக்கோ தெரியாது. எனக்கு அவரிலை சரியான கோவம்.”

நான் ஐம்பது வருடமாகக் கடவுளை நம்பாமலும் கோபிக்காமலும் வாழ்ந்துவிட்டேன். கோபிக்கிற அளவுக்கு எனக்குப் பழக்கமில்லை. அந்தக் கோபத்துக்குப் பக்கத்தில் இருப்பது, எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில் இருப்பது போல இருந்தது. ஒரு பகிடியும் வாயில் வரவில்லை.

மண்டப வாசலில் காரை நிறுத்தினேன். கார்கள் குறைவு. கதவடியில் நின்ற இரண்டு பெண்கள் அக்காவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

“அக்கா, இண்டைக்கு உள்ளை போகத்தான் வேணுமோ? வாங்கோ, எங்கையாவது தேத்தண்ணி குடிப்பம்.”

அவர் கதவைத் திறந்து, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை வெளியே வைத்தார்.

“இல்லைத் தம்பி, போறன்” என்றார். “அவரோடை இன்னும் கதைச்சு முடியேல்லை.”